இரண்டாம் சிலிண்டர் காயில் மறுபடியும் போய்விட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். எங்கள் வீட்டு கார் 1.6 லிட்டர் பெட்ரோல். நாலு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தருவது). போன சனிக்கிழமை மத்திய விரைவுச்சாலையில் வண்டி குலுங்கி, என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. பின்னால் அம்மாவும் பிள்ளைகளும். மின்னும்போது ஓட்டினால் எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும் என்று தெரியும், அதனால் அடுத்த எக்ஸிட்டிலேயே இறங்கிவிட்டேன்.

ஸ்கேனரில் பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்ற கோடு. இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டேன், கோடு பி0303 ஆனது. அப்படியென்றால் காயில்தான். ஆனால் இதை மாற்றி எட்டு மாதம்தான் ஆகிறது! ரப்பர் பூட்டிலும் பிளக் குழியிலும் எண்ணெய்ப் பிசுக்கு வேறு. வால்வ் கவர் கேஸ்கெட் (என்ஜின் மேல்மூடிக்கு அடியில் எண்ணெயைத் தடுக்கும் சீல்) கசிகிறது என்பது என் சந்தேகம். பட்டறையிலோ நாலு காயிலையும் மாற்றச் சொல்கிறார்கள், கேஸ்கெட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கசிவை நிறுத்தாமல் புதுக் காயில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதே மாதிரி பிளக் குழிக்குள் எண்ணெய் இறங்கிய வண்டி வைத்திருந்தவர்கள் கேஸ்கெட்டோடு, பிளக் குழியைச் சுற்றியிருக்கும் குழாய் சீலையும் மாற்றினீர்களா? பிளக் முனையில் தீப்பொறி தாவும் இடைவெளி கூடினாலும் காயிலுக்குச் சுமைதானே, பிளக்கையும் சேர்த்தே மாற்றிவிடலாமா? சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு பாகத்தில் கைவைக்கும் மெக்கானிக் தெரிந்தால் சொல்லுங்கள். சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, அதுவரை இந்த வண்டிதான் எங்களுக்கு.