டாலர் போட்டால் போதுமா? (ரெஜெக்ஸ் சண்டை, தனி இழை)

பைத்தான்பாண்டி: படப் பைல்களை மட்டும் உள்ளே விட ரெஜெக்ஸ் (எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடும் குறியீடு) எழுதுவது பற்றி நேற்று ஒருத்தர் "\.ஜேபிஜி$ என்று போடு, கடைசியில் டாலர் இருக்கிறவரை வேறு எந்த பைலும் உள்ளே வராது" என்று அருள்வாக்கு சொல்லியிருந்தார். பெயர் வேண்டாம், கருவாட்டு வாசனை அடித்தால் நான் பொறுப்பில்லை. ஐயா, பைத்தான் நிரல்மொழியில் டாலர் என்பது பெயரின் கடைசியில் நிற்கும், கூடவே கடைசியில் ஒரு புது வரி (என்டர் தட்டினால் விழும் எழுத்து) இருந்தால் அதற்கு முன்னாலும் நிற்கும். லினக்ஸில் பைல் பெயருக்குள் புது வரி வைக்கலாம், அப்போது ஜேபிஜியில் முடியாத பெயரும் உள்ளே வந்துவிடும். போதுமா?

கருவாடு: பைல் பெயரில் எவன் என்டர் தட்டுவான்? உங்க ஊரில் அப்படித்தான் போட்டோ சேமிப்பார்களா?

பைத்தான்பாண்டி: தட்டுகிறவன் போட்டோ சேமிக்க வரவில்லை, திருட வருகிறான். இணையதளங்களை ஓட்டும் அப்பாச்சி சர்வரிலேயே இந்த ஓட்டை இருந்தது, பாதுகாப்பு ஓட்டைப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2017-15715, பதிப்பு 2.4.0 முதல் 2.4.29 வரை. பைல்ஸ்மேட்ச் (எந்தப் பெயருள்ள பைலுக்கு எந்த விதி என்று சொல்லும் அமைப்பு) வரியில் இருந்த டாலர், பெயரின் கடைசியில் ஒட்டிய புது வரிக்கு முன்னாலேயே திருப்திப்பட்டுவிட்டது. சர்வரில் ஓடக்கூடிய பிஎச்பி நிரல் பைலை ஏற்றவிடாமல் தடுத்திருந்த இடத்தில் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அப்பாச்சி எழுதினவனே சறுக்கின இடத்தில் நீங்கள் எம்மாத்திரம்?

மொட்டைமாடி: அதை விடுங்க. கேமரா கார்டில் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில்தான் இருக்கும், டாலர் இருந்தும் ஒரு படம்கூட சிக்காது. ஐ கொடியை (பெரிய, சின்ன எழுத்தை ஒன்றாகப் பார்க்கச் சொல்லும் குறி) யாராவது சொல்கிறீர்களா?

பைத்தான்பாண்டி: அது வேறு விஷயம். டாலருக்கு வாங்க.

சும்மா_ஒருத்தன்: இதற்கு எதற்கு ரெஜெக்ஸ்? பைத்தானில் எண்ட்ஸ்வித் (பெயர் எதில் முடிகிறது என்று பார்ப்பது) இருக்கிறது, ஜேபிஜி மாதிரி நாலு நீட்சியை ஒரு டப்பிளில் (பட்டியல் மாதிரி) கொடுத்தால் வேலை முடிந்தது.

பைத்தான்பாண்டி: ரெஜெக்ஸ் தெரியாதவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான். டாலருக்குப் பதில் பெரிய இசட் போடுங்க, \இசட், அது நிஜக் கடைசியில் மட்டும்தான் நிற்கும். இல்லையென்றால் ஃபுல்மேட்ச் (முழுப் பெயரும் பொருந்தினால்தான் விடும்), பைத்தான் 3.4-லிருந்தே இருக்கிறது.

பிஎச்பிமாமா: பெரிய இசட்டா! தம்பி, எங்கள் பிஎச்பி பக்கம் பெரிய இசட்டும் புது வரியை உள்ளே விடும், சின்ன இசட்தான் கறார். அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்து ஊரைக் கெடுக்காதே.

பைத்தான்பாண்டி: நான் பைத்தான் என்று சொன்னேன். படிக்கத் தெரியாவிட்டால் அதற்கும் நானா பொறுப்பு? மாமா, போன மாதம் டேப் சண்டையில் தோற்றதை இங்கே தீர்க்காதீங்க.

பிஎச்பிமாமா: தோற்றேனா? அந்த இழையைப் பூட்ட வைத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கருவாடு: ஒரு நிமிஷம். நான் எழுதியது ஜாவாஸ்கிரிப்ட். அங்கே எம் கொடி (ஒவ்வொரு வரியின் கடைசியையும் கணக்கில் எடுக்கச் சொல்லும் குறி) போடாதவரை டாலர் என்றால் கடைசிதான், புது வரி கிது வரி எதுவும் கிடையாது. நேற்றே சொன்னேன், யார் படித்தீர்கள்?

பைத்தான்பாண்டி: நேற்று ஜாவாஸ்கிரிப்ட் என்ற வார்த்தையே இல்லை. ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன்.

கருவாடு: போடுங்க பார்ப்போம்.

மொட்டைமாடி: ஐ கொடி, ஐயா, ஐ கொடி...

பைத்தான்பாண்டி: முதலில் டாலரை முடிப்போம்.