மறு: டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங் – 'படக்கூற்று' எனலாமா?

அன்பின் குழுவினருக்கு வணக்கம். 'டிஜிட்டல் ஸ்டோரிடெல்லிங்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் இழையில் ஒருவர் கேட்டிருந்தார்:

> 'எண்ணிமக் கதைசொல்லல்' என்று வைத்துவிடலாமே. இதில் என்ன சிக்கல்?

சிக்கல் 'கதை'யில்தான் ஐயா. இலங்கை மலையகத்தில் தரம் 10 பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். போன தவணையில் வாக்குரிமை பற்றிய பாடத்துக்கு இந்தச் சொல்லையே கரும்பலகையில் எழுதி, ஆளுக்கொன்று செய்துவரச் சொன்னேன். வந்தவற்றில் பாதி கற்பனை: தேர்தலில் நிற்கும் ராசா, வாக்குக் கேட்டு வரும் சிங்கம். பிள்ளைகள் மேல் பிழையில்லை. கதை என்றதும் இட்டுக்கட்டத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

1990களில் கலிபோர்னியாவில் டேனா ஆச்லி, ஜோ லாம்பர்ட் முதலானோர் இதைப் பட்டறையாக நடத்தத் தொடங்கியபோது கேட்டது வேறு. தனக்கு நேர்ந்ததைத் தானே எழுதி, தன் குரலிலேயே பதிந்து, வீட்டில் கிடக்கும் பழைய படங்களை அதோடு கோத்து, சில நிமிடங்களுக்குள் முடிக்கவேண்டும். ஆவணப்படத்தில் நம்மைப் பற்றி வேறொருவர் பேசலாம். இதில் 'நான்' என்பவரே பேசவேண்டும். ஆகவே நாம் ஆக்கும் சொல்லில் கருவி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பேசுபவர் தெரியவேண்டும்.

அதற்கான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. குறுந்தொகைப் பாட்டை அச்சிடும்போது 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று குறிக்கிறோமே, அந்தக் 'கூற்று'. இரண்டாம் முறை 'படக்கூற்று' என்று எழுதிப்போட்டு, 'இது யார் கூற்று என்பதை முதல் வரியில் எழுதுங்கள்' என்றேன்.

ஒரு மாணவி 'பாட்டி கூற்று' என்று எழுதி, அடித்துவிட்டு, 'பேத்தி கூற்று' என்று மாற்றினாள். பாடப்புத்தகத்தில் இருப்பது எல்லாருக்கும் தெரியும்: 1947 தேர்தலில், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவரிடமும் தகப்பன் இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா என்று கேட்டது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அதற்குக் காகிதம் இருந்தது? 1949இல் வாக்கும் போயிற்று. 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று இரண்டு அரசுகளும் ஆட்களைப் பங்கிட்டன.

அந்தப் பிள்ளை இதில் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. பாட்டியின் அண்ணன் தமிழ்நாட்டுக் கோத்தகிரிக்குப் போன அன்று எடுத்த படத்தைக் காட்டினாள். முகத்தைப் படமெடுக்கப் பாட்டி சம்மதிக்காததால் கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களை மட்டும் காட்டினாள். குடியுரிமை வழங்கிய 2003 சட்டத்துக்குப் பிறகு, ஐம்பது வயதைத் தாண்டி, பாட்டி முதன்முதலாக வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டதைத் தன் குரலில் சொன்னாள். 'இன்னும் மூன்று வருசத்தில் எனக்குப் பதினெட்டு. என் பெயர் தானாகவே வாக்காளர் இடாப்பில் ஏறிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்' என்று முடித்தாள். வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

குழுவில் வந்த மற்ற பரிந்துரைகளுக்கு வருகிறேன். 'பட வாக்குமூலம்' வேண்டாம், பொலிஸ் நிலைய வாடை அடிக்கிறது. 'குரற்படம்' நாவுக்கு எளிது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அறிவிப்பாளர் குரல் கொடுத்த விளம்பரமும் குரற்படம்தானே? 'கூற்று' என்றால் யமன் என்று ஓர் அம்மா நினைவூட்டினார். உண்மை, தேவாரத்திலேயே இருக்கிறது. 'படக்கூற்று' என்று சேர்த்துச் சொல்லும்போது அந்தப் பொருள் எழவில்லை என்பது என் எண்ணம். பரீட்சையில் வரும் 'கூற்று–காரணம்' வினாவோடு குழப்புவார்கள் என்ற கவலை அதைவிட நியாயமானது. அதற்கு என்னிடம் பதில் இல்லை, யாராவது சொல்லுங்கள்.

'எண்ணிம' என்ற முன்னொட்டை விட்டதற்குக் காரணம், கைப்பேசியில் எடுப்பதை இப்போது யாரும் எண்ணிமப் படம் என்பதில்லை. செய்யும் முறைக்குப் பெயர் தேவைப்பட்டால் 'படக்கூற்றாக்கம்' எனலாம்.

அப்புறம், எழுதுமுன் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பேசும் அமர்வுக்கு மட்டும் 'கதை வட்டம்' இருக்கட்டும். அங்கே நாங்கள் கதைக்கத்தானே செய்கிறோம்.