புதுப்பிப்பு: காதைக் குத்தும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்

‘ஸ’ ஒலி காதைக் குத்துகிறது என்று முன்பு எழுதியிருந்தேனுங்க. கோயமுத்தூர் வீட்டு ஹால், டைல்ஸ் தரை, வெறும் சுவர். குறை பெரும்பாலும் அறையில்தான்.

தரையில் பவானி ஜமக்காளத்தை மடித்து விரித்ததில் உச்ச ஸ்தாயி மட்டும் கொஞ்சம் அடங்கியது. மெல்லிய பருத்தி அதற்குமேல் உறிஞ்சாது. பக்கச் சுவர்தான் முக்கியம். சுவரோடு ஒருவர் கண்ணாடியை நகர்த்த, உட்காரும் இடத்திலிருந்து கண்ணாடியில் எங்கே ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) தெரிகிறதோ அங்கே 2 அங்குல ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு போலல்லாத பாறை இழைப் பஞ்சு) பலகை, துணி சுற்றி, சுவரை விட்டு 2 அங்குலம் தள்ளி. கடுமை தணிந்தது இதில்தான். ஸ்பீக்கர் முகத்தையும் காதுக்கு நேரே வைக்காமல் தோளுக்கு வெளியே திருப்பினேன்.

இன்னும் மிச்சமிருந்தால், பின்புறம் நான்கு டெர்மினல் உள்ள ஸ்பீக்கரில் ஆம்ப்ளிஃபயர் வயர், ஊஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) ஜோடியிலேயே இருக்கட்டும். ஊஃபர், ட்வீட்டர் ஜோடிகளை இணைக்கும் ஜம்பர் தகடுகளில் சிவப்பை மட்டும் கழற்றி, அந்த இடத்தில் 1 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போடுங்க. 8 ஓம் ட்வீட்டரில் சுமார் 1 டெசிபல் குறையும். 2 ஓமுக்கு மேல் வேண்டாம், குரல் மங்கிவிடும்.