அப்பாவின் வாயில் வெள்ளைத் திட்டு: மதுரையில் யாரிடம் காட்டுவது?

அப்பாவுக்கு 54 வயது, உசிலம்பட்டியில் கொத்தனார். இளவயதிலிருந்தே வெற்றிலை பாக்குடன் புகையிலையை இடக் கன்னத்தில் அடக்கிக்கொள்பவர். அதே இடத்தில் சில மாதங்களாக வெள்ளைத் திட்டு, தேய்த்தாலும் போகவில்லை. காரம் பட்டால் எரிகிறது. வாயை இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்க முடியவில்லை.

வைட்டமின் மாத்திரை, வாய்ப்புண் களிம்பு எதுவும் கேட்கவில்லை. பல் மருத்துவர் பயாப்ஸி (திட்டிலிருந்து சிறு திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனை) எடுக்கச் சொன்னார். "வலியே இல்லையே" என்று அப்பா மறுக்கிறார். புகையிலையின் நைட்ரோசமைன்கள் என்ற வேதிப்பொருள்கள் செல்லின் டிஎன்ஏவைச் சிதைக்கும், வாய்ப்புற்று வலியில்லாமலே தொடங்கலாம் என்பதுதான் என் பயம். புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணில் அப்பாவைப் பேசவைத்தேன். புகையிலை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

பயாப்ஸிக்கு மறுத்த உங்கள் வீட்டுப் பெரியவரைச் சம்மதிக்கவைத்து, மதுரையில் எந்த மருத்துவப் பிரிவில் முதலில் காட்டினீர்கள்?