இரண்டு திரை இருந்தும் முழுத்திரை போட்டால் ஒன்றுதான் மிஞ்சுகிறது. யாராவது வழி சொல்லுங்கள்

இயற்பியல் டீச்சர்

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். போன மாதம்வரை லேப்டாப் ஒன்றை வைத்தே சமாளித்தேன். மகன் லீவுக்கு வந்தவன் 24 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, "ஒன்றில் பாடம், இன்னொன்றில் பிள்ளைகள், ஜம்மென்று இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் ரயில் ஏறிய மறுநாளே தலைவலி ஆரம்பம்.

விண்டோஸ் 11. லேப்டாப் திரை 1, மானிட்டர் 2. டைப் சி கேபிள். எக்ஸ்டெண்ட் முறையில்தான், அதாவது இரண்டு திரையும் சேர்ந்து ஒரே பெரிய டெஸ்க்டாப்பாக இருக்கிறது.

முதல் தொல்லை பவர்பாயிண்ட்டில். எஃப்5 அழுத்தினால் மானிட்டரில் ஸ்லைடு வருகிறது, அது சரி. ஆனால் லேப்டாப்பிலும் அடுத்த ஸ்லைடு, கடிகாரம், நான் எழுதி வைத்த குறிப்பு எல்லாம் திரை முழுக்க வந்து உட்கார்ந்துகொள்கிறது. மீட்டிங் அதற்கு அடியில் போய்விடுகிறது. யார் கை தூக்கினார்கள், யார் சாட்டில் கேட்டார்கள் என்று ஒன்றும் தெரிவதில்லை. வியாழக்கிழமை அவசரத்தில் 2-க்குப் பதில் 1-ஐப் பகிர்ந்துவிட்டேன். என் குறிப்பில் இருந்தது: "இங்கே நிறுத்து. கேமராவை அணைத்து வைத்திருப்பவன் தூங்கியிருப்பான், பெயர் சொல்லிக் கூப்பிடு." 31 பிள்ளைகளும் படித்தார்கள். அவன் அன்று தூங்கவில்லை, அவனும் படித்தான்.

இரண்டாவது தொல்லை ஒரு பழைய ஒளியியல் மென்பொருள். லென்ஸை நகர்த்தினால் கதிர்கள் வளைவதைக் காட்டும். எப்போதோ சிடியில் வந்தது, இன்றும் அதைப்போல ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. அதைத் திறந்தால் இரண்டு திரையும் ஓரிரு நொடி கறுத்துப்போய், பிறகு லேப்டாப்பில் மட்டும்தான் திறக்கிறது. மானிட்டருக்கு இழுக்கவும் வழியில்லை. மானிட்டரில் எதையாவது கிளிக் செய்தால் உடனே சுருங்கிக் கீழே போய்விடுகிறது. மூடிய பிறகு பார்த்தால், டெஸ்க்டாப்பில் நான் அடுக்கி வைத்த ஐகான்கள் எல்லாம் மழைக்கு ஒதுங்கிய ஆடுகள்போல ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன.

மானிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

சுடச்சுட

சிம்பிள் டீச்சர். அந்த மென்பொருளின் ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. அதில் "டிசேபிள் ஃபுல்ஸ்கிரீன் ஆப்டிமைசேஷன்ஸ்" என்று இருக்கும், டிக் போடுங்கள். எல்லாக் கேமுக்கும் நான் இதைத்தான் செய்வேன்.

கம்பிவடம்

தம்பி, இந்தப் பிரச்சினைக்கு அது நேர் எதிர்த் திசை. விண்டோஸ் 10-இல் வந்த வசதி அது. முழுத்திரையைத் தனக்கே கேட்கும் மென்பொருளையும் முடிந்தவரை ஓரமில்லாத ஜன்னல்போல நடத்துவதுதான் அதன் வேலை. டிக் போட்டு அதை நிறுத்தினால் மென்பொருள் திரையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கேமில் வேகத்துக்காகச் சிலர் செய்வார்கள். டீச்சருக்கு வேண்டியது பிடியைத் தளர்த்துவது.

டீச்சர், பதில் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரியவேண்டும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் எந்தத் திரை "மெயின் டிஸ்ப்ளே"? அந்த மென்பொருள் திறந்திருக்கும்போது ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால் ஏதாவது நடக்கிறதா? திறந்ததும் எழுத்தும் படமும் வழக்கத்தைவிடப் பெரிதாக, கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதா?

இயற்பியல் டீச்சர்

மெயின் லேப்டாப்தான். ஆல்ட் என்டருக்கு ஒன்றும் நடக்கவில்லை, லென்ஸ் மட்டும் லேசாக ஆடியது. ஆமாம், எல்லாம் பெரிதாக, கண்ணாடி போடாமல் பார்ப்பதுபோல இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கம்பிவடம்

ஐகான்கள் மூலையில் ஒதுங்கின என்றீர்களே, அதை வைத்துத்தான்.

முழுத்திரை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஓரமும் தலைப்புப் பட்டையும் இல்லாத பெரிய ஜன்னல். பிரவுசரில் வீடியோ பார்ப்பது, ஸ்லைடு ஓடுவது எல்லாம் அந்த வகை. பக்கத்துத் திரையில் நீங்கள் என்ன செய்தாலும் அது பாட்டுக்கு இருக்கும். இன்னொன்று பழைய கேம்களும் பழைய கல்வி சிடிகளும் செய்வது. அவை திரையையே விண்டோஸிடமிருந்து வாங்கித் தம் கைக்குள் வைத்துக்கொள்ளும். உங்கள் மென்பொருள் எழுதப்பட்ட காலத்தில் திரை என்றால் 1024-க்கு 768. திறந்ததும் லேப்டாப்பின் 1920-க்கு 1080-ஐ அந்த அளவுக்கு இறக்கிவிடுகிறது. அளவு மாறும்போது திரை புது சிக்னலைப் பிடிக்க எடுக்கும் நேரம்தான் அந்தக் கறுப்பு. டெஸ்க்டாப்பும் சிறுத்துவிடுவதால் வெளியே நின்ற ஐகான்களை விண்டோஸ் உள்ளே தள்ளுகிறது.

கிளிக் செய்ததும் சுருங்குவதும் இதனால்தான். நீங்கள் வேறு ஜன்னலுக்குப் போனால் வாங்கிய திரையைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டுக் கீழே போய்விடுகிறது. இந்த வகை பெரும்பாலும் மெயின் டிஸ்ப்ளேயைத்தான் கேட்கும். அதனால் ஷார்ட்கட்டை எங்கே இழுத்து வைத்தாலும் லேப்டாப்பிலேயே திறக்கும்.

இன்று ஒன்று செய்து பாருங்கள். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 2-ஐத் தேர்ந்து "மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே" டிக் போட்டுவிட்டு மென்பொருளைத் திறங்கள்.

ஸ்லைடு அக்கா

பவர்பாயிண்ட் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். கல்லூரியில் தினமும் இதோடுதான் குடித்தனம்.

லேப்டாப்பை மூடுவது பிரசென்டர் வியூ. அது பேச்சாளருக்காக வைத்தது, எதிரே மேடையும் கூட்டமும் இருக்கிறவருக்கு அருமையான பொருள். நமக்குக் கூட்டமே லேப்டாப்புக்குள் இருப்பதால் இடித்துக்கொள்கிறது. ஸ்லைடு ஷோ பட்டைக்குப் போனால் "யூஸ் பிரசென்டர் வியூ" என்று ஒரு டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள். அதன் பக்கத்திலேயே "மானிட்டர்" என்று ஒரு பட்டியல். "ஆட்டோமேட்டிக்" என்று இருப்பதை உங்கள் 24 அங்குலத்துக்கு மாற்றுங்கள். இனி எஃப்5 அழுத்தினால் ஸ்லைடு அங்கே மட்டும் போகும், லேப்டாப் அப்படியே இருக்கும்.

முழுத்திரையே வேண்டாம் என்றால் ரீடிங் வியூ பாருங்கள். வலது கீழ் மூலையில் ஜூம் கோட்டுக்குப் பக்கத்தில் திறந்த புத்தகம்போல ஒரு சின்னப் படம். அமுக்கினால் ஸ்லைடு அதே ஜன்னலுக்குள்ளேயே ஓடும். பகிரும்போதும் அந்த ஜன்னலை மட்டும் கொடுத்தால் போதும்.

மேக் மாமா

விண்டோஸ் ஆட்களுக்கு ஒரு ஆறுதல். மேக்கிலும் இந்தக் கதை உண்டு. 2011-இல் லயன் என்ற மேக் பதிப்பு வந்தபோது முழுத்திரை என்று ஒரு வசதி போட்டார்கள். ஒரு திரையில் முழுத்திரைக்குப் போனால் மற்றத் திரையில் துணி விரித்ததுபோல ஒரு சாம்பல் நிறம், வேறொன்றும் இருக்காது. காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது மானிட்டர் மேஜைவிரிப்பு ஆகிவிடும். 2013-இல் மேவரிக்ஸ் பதிப்பு வந்துதான் ஒவ்வொரு திரைக்கும் தனி ஸ்பேஸ், அதாவது தனி டெஸ்க்டாப், கிடைத்தது.

இப்போதும் அந்தத் தொல்லை யாருக்காவது இருந்தால்: சிஸ்டம் செட்டிங்ஸ், டெஸ்க்டாப் அண்ட் டாக், கீழே மிஷன் கன்ட்ரோல் பகுதி. அதில் "டிஸ்ப்ளேஸ் ஹேவ் செப்பரேட் ஸ்பேசஸ்" அணைந்திருக்கும். போட்டுவிட்டு லாக் அவுட் செய்து வாருங்கள், செய்யாமல் "மாறவே இல்லை" என்று வருகிறவர்கள்தான் அதிகம். போட்டால் ஒரே ஜன்னலை இரண்டு திரைக்கும் சேர்த்து விரிக்க முடியாது. அகலமான எக்செல் வைத்து மாரடிப்பவர்கள் அதற்காகவே அணைத்து வைத்திருப்பார்கள்.

சுடச்சுட

மாமா, டீச்சரிடம் இருப்பது விண்டோஸ்.

மேக் மாமா

தெரியும் ராஜா. தேடிக்கொண்டு இங்கே வருகிறவர்கள் எல்லோரும் டீச்சர் இல்லையே.

இயற்பியல் டீச்சர்

நேற்று வகுப்பில் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

முதலில் ரீடிங் வியூ. ஜன்னலுக்குள் அழகாக ஓடியது, ஆனால் பேனா வரவில்லை. ஸ்லைடின் மேல் எழுதாமல் குவியத் தூரம் எப்படி நடத்துவது? விட்டுவிட்டேன். பிரசென்டர் வியூவை எடுத்துவிட்டு மானிட்டரை மாற்றியது சரியாக வேலை செய்கிறது. கண்ட்ரோல் பி அழுத்தினால் பேனாவும் வருகிறது. லேப்டாப்பில் பிள்ளைகள் முகம், சாட், எல்லாம் இருக்கின்றன. குறிப்புகளைப் பழையபடி நோட்டில் எழுதிக்கொண்டேன். அதை யாராலும் பகிர முடியாது.

மென்பொருள் விஷயம் பாதிதான் தீர்ந்தது. மானிட்டரை மெயின் ஆக்கியதும் அங்கேயே திறந்தது. கறுப்பு வருவதும் சுருங்குவதும் போகவில்லை. ஒரு புதுத் தொல்லையும் சேர்ந்தது. மெயின் மாறியதும் டெஸ்க்டாப் ஐகான்கள் எல்லாம் மானிட்டருக்கு வந்துவிட்டன, நான் பகிர்வதும் மானிட்டரைத்தான். மென்பொருள் சுருங்கிய ஒவ்வொரு முறையும் "மாதிரித் தேர்வு விடைகள்" என்ற ஃபோல்டர் நட்டநடுவில் எல்லோருக்கும் தரிசனம் கொடுத்தது.

கம்பிவடம்

மெயினைத் திரும்ப லேப்டாப்புக்கே மாற்றிவிடுங்கள். திரையை வாங்கும் பழக்கத்தையே மென்பொருளிடமிருந்து எடுக்கப் பார்ப்போம்.

அந்த மென்பொருள் இருக்கும் ஃபோல்டரைத் திறங்கள். ஐகானில் ரைட் கிளிக் செய்து "ஓபன் ஃபைல் லொகேஷன்" கொடுத்தால் கொண்டுபோய் விடும், ஷார்ட்கட்டிலேயே நின்றால் இன்னொரு முறை செய்யுங்கள். உள்ளே ஐஎன்ஐ என்று முடியும் கோப்பு (மென்பொருளின் செட்டிங்ஸ் எழுதி வைத்திருப்பது) ஏதாவது இருக்கிறதா? இருந்தால் நோட்பேடில் திறந்து ஃபுல்ஸ்கிரீன், விண்டோடு என்ற சொல் வரும் வரியைப் படித்துச் சொல்லுங்கள். வேறு எதையும் தொடவேண்டாம். முதலில் அந்தக் கோப்பை ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

இயற்பியல் டீச்சர்

இருக்கிறது! ஃபுல்ஸ்கிரீன், சமக்குறி, 1. அதன் மேல் வரியில் அகலம் 1024, உயரம் 768 என்று நீங்கள் சொன்ன அதே எண்கள்.

1-ஐ 0 ஆக்கி சேவ் கொடுத்தால் அனுமதி இல்லை என்கிறது. என் வீட்டில், என் கணினியில், எனக்கே அனுமதி இல்லையாம்.

கம்பிவடம்

அது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் இருப்பதால் விண்டோஸ் காவல் காக்கிறது. கோப்பை டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்து, அங்கே திருத்தி சேவ் செய்து, திரும்பப் பழைய இடத்தில் பேஸ்ட் செய்யுங்கள். நிர்வாகி அனுமதி கேட்கும், "கன்டினியூ" கொடுங்கள். அகலம் உயரத்தை மாற்றாதீர்கள். இவ்வளவு பழைய மென்பொருள் பெரிய எண்ணைப் பார்த்தால் திறக்காமலே போகலாம்.

இயற்பியல் டீச்சர்

திறந்துவிட்டது. தலைப்புப் பட்டையோடு, மூலையில் பெருக்கல் குறியோடு, சாதாரண ஜன்னலாக! கறுப்பு வரவில்லை. சாட்டில் கிளிக் செய்தேன், லென்ஸ் நகராமல் அங்கேயே நின்றது. ஐகான்களும் இடம் மாறவில்லை. மானிட்டரில் முக்கால்வாசிக்கும் குறைவான இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் போனில் பார்க்கிறவர்கள், அவர்களுக்கு என்ன பெரிய வித்தியாசம்.

ஒரே ஒரு சந்தேகம். நடுவில் டீ குடிக்கப் போகும்போது மானிட்டரை அணைத்துவிட்டுப் போவேன், கரண்டு வீண்தானே. திரும்பி வந்தால் எல்லா ஜன்னலும் லேப்டாப்பில் வந்து குவிந்திருக்கிறது.

ஸ்லைடு அக்கா

சில மானிட்டர்களை அணைத்தாலே கேபிளைப் பிடுங்கிவிட்டதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். டைப் சியிலும் டிஸ்ப்ளேபோர்ட்டிலும் இது அதிகம். விண்டோஸ் 11-இல் டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்ற இடத்தில் "ரிமெம்பர் விண்டோ லொகேஷன்ஸ் பேஸ்டு ஆன் மானிட்டர் கனெக்‌ஷன்" இருக்கிறதா பாருங்கள். டிக் இருந்தால் மானிட்டரைப் போட்டதும் ஜன்னல்கள் தானாகத் திரும்பப் போகும். அப்படியும் ஒன்றிரண்டு அடம்பிடித்தால் அந்த ஜன்னலைத் தேர்ந்து விண்டோஸ் கீ, ஷிஃப்ட், வலது அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், பக்கத்துத் திரைக்குத் தாவும். திரைக்கு வெளியே காணாமல் போன ஜன்னலைக்கூட இப்படி இழுத்து வரலாம்.

இயற்பியல் டீச்சர்

டிக் இல்லாமல்தான் இருந்தது, மகன் எதற்கோ எடுத்திருக்கிறான். போட்டுவிட்டேன். டீ குடித்துவிட்டு வந்தேன், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

கம்பிவடம் சார், ஸ்லைடு அக்கா, ரொம்ப நன்றி. சுடச்சுட தம்பிக்கும் நன்றி, அந்த டிக்கை நான் போடவில்லை. மாமா, என் மருமகளிடம் மேக் இருக்கிறது, அவளுக்கு அனுப்பிவிட்டேன். லாக் அவுட் செய்யாமல் "மாறவே இல்லை" என்று பதில் வந்திருக்கிறது.