சந்தை ஆட்டைத் தடுத்து வைத்தும் வீட்டுக் குட்டிக்குச் சளி. கொட்டகையில் என்ன தவறு?

மேட்டுக்காடு:
பத்து வெள்ளாடு வைத்திருக்கிறேன். 20க்கு 12 அடி சீட் கொட்டகை, மண் தரை. போன வாரம் சந்தையில் இரண்டு பெட்டை வாங்கி, கொட்டகை மூலையில் மூங்கில் படல் மறைத்துத் தனியாக விட்டேன். எட்டாம் நாள், படலை ஒட்டிப் படுக்கும் என் குட்டிக்கு மூக்கு ஒழுகுகிறது, கண்ணில் பீளை. தனியாகத்தானே வைத்தேன்?

கிடைக்காரன்:
படல் ஆட்டைத்தான் தடுக்கும், தும்மலைத் தடுக்காதுங்க. தண்ணீர்த் தொட்டி ஒன்றா, இரண்டா?

மேட்டுக்காடு:
ஒன்றுதான் அண்ணே. படலுக்கு அடியில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். இடம் மிச்சம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கிடைக்காரன்:
சரியாப் போச்சு. ஆட்டுக்கொல்லி நோய் என்றால் சளி, எச்சில், புழுக்கை எல்லாவற்றிலும் கிருமி இருக்கும். பெரும்பாலும் 4 முதல் 6 நாளில் காய்ச்சல் காட்டும். ஈறில், நாக்கில் புண் இருக்கிறதா, கழிகிறதா என்று பாருங்கள். இன்றே கால்நடை மருத்துவ உதவி எண் 1962க்குக் கூப்பிடுங்கள். மருந்துக்கடையில் கேட்டு நீங்களே ஊசி போட வேண்டாம்.

வேப்பந்தோப்பு:
இது ஆடிக் காற்று, மேற்கிலிருந்து அடிக்கும். அதனால் புதுப் பட்டியைக் கொட்டகைக்குக் கிழக்கே, முடிந்த அளவு தள்ளிப் போடுங்கள். இரண்டு ஆட்டுக்கு 8க்கு 6 அடி தாராளம். தரையை அரை அடி மேடாக்கி, மேலே கீற்று வேய்ந்தால் போதும். வாளி, துடைப்பம் எல்லாம் அங்கேயே கிடக்கட்டும். பழைய ஆடுகளுக்குத் தீனி போட்டு முடித்த பிறகே அந்தப் பக்கம் போங்கள். 21 நாள் பொறுங்கள்.

மேட்டுக்காடு:
சளி பிடித்த குட்டியையும் அதே பட்டியில் விட்டுவிடலாமா?

வேப்பந்தோப்பு:
ஐயோ, வேண்டாம். புது ஆட்டுக்கு ஒன்றுமே இல்லாமல் இருந்தால், நீங்களே நோயைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். குட்டிக்கு மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும். அந்த மூங்கில் படலோடு இன்னும் மூன்று கட்டினால் அதற்குப் போதும். பால்குட்டி என்றால் தாயையும் சேர்த்து விடுங்கள்.

மேட்டுக்காடு:
மருத்துவர் வந்து பார்த்தார். வாயில் புண் இல்லை, கழிச்சலும் இல்லை. மருந்து கொடுத்து, சோதனைக்குச் சளி எடுத்துப் போயிருக்கிறார். மோட்டார் கொட்டகைக்குக் கிழக்கே பட்டி போட்டாயிற்று. ஆனால் அம்மா ஒரே செருப்போடு மூன்று இடத்துக்கும் போய் வருகிறார். சொன்னால் கேட்பதில்லை.

கிடைக்காரன்:
ஒவ்வொரு பட்டி வாசலிலும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிப் போடுங்கள். புதுசு என்றால் மாட்டிக்கொள்வார்.