சிலிண்டர் பவர் உள்ள கண்ணுக்கு ரெட் டாட்டா, 1-6 ஸ்கோப்பா?

கரும்புக்காரன், டோங்காட்

வணக்கம். வயது 52. தென்னாப்பிரிக்காவில் டோங்காட்டுக்கு மேற்கே கரும்பு வைத்திருக்கிறோம். இருட்டத் தொடங்கினால் புஷ்பிக் என்னும் காட்டுப்பன்றிக் கூட்டம் வயலில் இறங்கிவிடுகிறது. அந்தப் பன்றிகள் தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பதுதான் அதிகம். என்னிடம் இருப்பது .308 போல்ட் ஆக்ஷன் ரைபிள், மேலே பழைய 3-9 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெருக்கிக் காட்டுவது). கரும்பு வரிசையின் முனையில் 30, 40 மீட்டரில் பன்றி வந்து நின்றால் ஸ்கோப் முழுக்க மயிர்தான் தெரிகிறது. தலை எது, வால் எது என்று தேடுவதற்குள் அது போய்விடும். 80 மீட்டருக்கு மேல் எனக்கு வேலையே இல்லை.

மைத்துனர் தன் ரெட் டாட்டை (பெருக்காமல், குறிக்கு ஒரு சிவப்பு ஒளிப்புள்ளியை மட்டும் காட்டும் கருவி) கழற்றிக் கொடுத்து, "இதை மாட்டிப் பாருங்கள் அத்தான்" என்றார். பார்த்தேன். புள்ளி புள்ளியாக இல்லை. வியர்வையில் வழிந்த குங்குமப் பொட்டு போல மேலும் கீழும் இழுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒன்றிரண்டு குட்டிப் புள்ளிகளும் போட்டிருந்தது. அவருக்கோ அது அழகான வட்டமாகத் தெரிகிறதாம். கடையில் கேட்டால், "மலிவான சரக்கு அப்படித்தான், விலை கூடியதை வாங்குங்கள்" என்கிறார்கள்.

என் கண்ணாடிச் சீட்டில் வலது கண்ணுக்கு ஸ்பியர் (எல்லாத் திசைக்கும் பொதுவான பவர்) 0, சிலிண்டர் (ஒரு திசைக்கு மட்டுமான பவர்) −1.50, ஆக்சிஸ் (சிலிண்டரின் கோணம்) 170 என்று இருக்கிறது. ப்ரோக்ரெசிவ் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்) உண்டு, வயலுக்குப் போடுவதில்லை. ரெட் டாட், ப்ரிசம் (உள்ளே பட்டகம் வைத்த சிறு ஸ்கோப்), 1-6 ஸ்கோப் என்று மூன்று பேர் மூன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பொங்கோலா வேடன்

அண்ணா, 1-6 வாங்கிவிட்டு நிம்மதியாக இருங்கள். முள்காட்டில் இம்பாலா, வார்ட்ஹாக் எல்லாவற்றுக்கும் அதைத்தான் வைத்திருக்கிறேன். இல்லையென்றால் ஹாலோகிராபிக் வாங்குங்கள். அதுவும் ஒளிக்குறி காட்டுவதுதான், ஆனால் லேசரில்; ரெட் டாட் போல எல்.ஈ.டி.யில் இல்லை. ஆகவே அஸ்டிக்மாட்டிசம் (சிலிண்டர் பவர் கேட்கும் கண் கோணல்) அதைத் தொடாது.

லென்ஸ் மாமா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வேடன் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி, பின் பாதி இல்லை. லேசரோ எல்.ஈ.டி.யோ, வெளிச்சம் உங்கள் கருவிழியைத் தாண்டித்தானே உள்ளே போக வேண்டும்? கோணல் அங்கே இருக்கிறது. ஹாலோகிராபிக் சிலருக்குப் பரவாயில்லாமல் தெரியும், சிலருக்கு மணல் தூவியதாகத் தெரியும். வாங்குகிறவர் தன் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கரும்புக்காரன் தம்பி, கடைக்காரர் பேச்சை விடுங்கள். நான் ஓய்வு பெறும்வரை கண்ணாடி அளந்து கொடுத்தவன், சுடுகிறவனும்கூட. விலை கூடிய ரெட் டாட் வாங்கினால் விலை கூடிய இழுவல்தான் கிடைக்கும். கருவியிலா கண்ணிலா கோளாறு என்று தெரிந்துகொள்ளச் செலவே இல்லை. ரைபிள் காலி என்று பார்த்துவிட்டு, கண் வைக்கும் இடத்தில் கைபேசி கேமராவை வைத்து அந்தப் புள்ளியைப் படமெடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கருவி சுத்தம். பிறகு ரெட் டாட்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பக்கவாட்டில் சுழற்றுங்கள். வால் அதோடு சேர்ந்து சுழன்றால் குற்றம் கருவியுடையது. அசையாமல் அதே திசையில் நின்றால் உங்களுடையது. கடைசியாக ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு அதன் வழியே பாருங்கள். புள்ளி குறுகிக் கூர்மையாகும்.

உங்கள் சீட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரிகிறது. ஆக்சிஸ் 170 என்றால் மேல்கீழ் திசையில்தான் கண்ணின் பவர் கூடுதல். அதனால்தான் புள்ளி மேலும் கீழும் நீள்கிறது. அந்தி வேளையில் கண்ணின் பாப்பா (நடுத்துளை) விரிவதால் இன்னும் மோசமாகும். புள்ளியின் பிரகாசத்தைக் கூட்டினால் அதைவிட மோசம். தாமஸ் யங் 1801-ல் தன் கண்ணிலேயே கண்டு எழுதிய கோளாறு இது. ரெட் டாட் விற்பனைக்கு வந்ததோ 1975-ல். பழியைப் பேட்டரி மேல் போடாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ப்ரிசத்திலும் 1-6 ஸ்கோப்பிலும் குறி கருவிக்குள் இருக்கும் கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. கறுப்புக் கோடு, எரியும் புள்ளி இல்லை. விளக்கை அணைத்தாலும் அது அங்கேயே இருக்கும். கண்பக்க வளையத்தைத் திருப்பி அதைக் கூர்மையாக்கலாம், எனவே உங்கள் வயதுக்கு வாசிப்புக் கண்ணாடி தேவைப்படாது. ஆனால் பலரும் சொல்லாமல் விடும் ஒன்று: அந்த வளையம் ஸ்பியரை மட்டுமே திருத்தும். சிலிண்டரைத் தொடாது. உங்கள் கண்ணுக்கு வளையத்தை ஓர் இடத்தில் வைத்தால் செங்குத்துக் கோடு கூர்மையாகும், படுக்கைக் கோடு மங்கும். கொஞ்சம் திருப்பினால் தலைகீழாகும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

ஆகவே முதல் செலவு ஸ்கோப்புக்கு அல்ல, கண்ணாடிக்கு. ப்ரோக்ரெசிவ் வேண்டாம். தலையை ரைபிள் கட்டையில் சாய்த்தால் கண்ணாடியின் மேல் மூலை வழியாகப் பார்ப்பீர்கள். அங்கே ப்ரோக்ரெசிவ் லென்ஸை நம்ப முடியாது. தூரப் பார்வைக்கு மட்டும், பாலிகார்பனேட்டில், மேல் விளிம்பு உயர்ந்த சட்டத்தில் ஒன்று செய்யுங்கள். வியர்வைக்கு விளையாட்டுக்காரர்கள் போடும் கயிறு போதும். அந்தக் கண்ணாடியோடு மைத்துனரின் ரெட் டாட்டைப் பாருங்கள். வட்டமாகத் தெரிந்தால், பகல் வேலைக்கு அதுவே போதும் என்றுகூடத் தோன்றலாம்.

உங்கள் வேலை அந்தியில் என்பதால் நான் 1-6 பக்கம்தான் நிற்பேன். ப்ரிசம் நல்ல பொருள்தான், ஆனால் பலவற்றில் கண்ணை மிக அருகே வைக்க வேண்டியிருக்கும்; .308 உதைக்கும்போது புருவம் வாங்கும். 1-6 வாங்கும்போது, உருப்பெருக்கத்தோடு குறியும் சேர்ந்து சுருங்கி விரியும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அதில் 1-ல் வைத்தால் குறி மயிரிழையாகிவிடும், தெரிய வேண்டுமென்றால் விளக்கைக் கூட்டுங்கள் என்பார்கள். கூட்டினால் பழைய இழுவல் திரும்பி வரும். குறி அளவு மாறாத, ஓரக் கோடுகள் தடித்த வகை வேண்டும். ஜெர்மன் 4 என்கிற குறி இதற்கென்றே பிறந்தது: மூன்று தடித்த கம்பங்கள் கண்ணை நடுவுக்குத் தள்ளிவிடும். கறுத்த பன்றி மேல் கறுத்த கோடு தொலையும் என்பதால் நடுப்புள்ளிக்கு மட்டும் விளக்கு இருக்கட்டும், அதுவும் மிகக் குறைந்த படியில்.

இன்னொன்று. முன் லென்ஸ் 24 மி.மீ. என்றால் 4-ல் வைக்கும்போது வெளியே வரும் ஒளிக்கற்றை 6 மி.மீ., 6-ல் 4 மி.மீ. கற்றை உங்கள் பாப்பாவைவிடச் சிறியதானால் ஊசித்துளை செய்த வேலையில் கொஞ்சம் அதுவும் செய்யும், கோணல் குறையும். ஆனால் காட்சி இருளும். அந்தியில் 4-ஐத் தாண்டாதீர்கள்.

லெனேசியா கமலி

மாமா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எனக்கு இடக்கண்ணில் −2.00 சிலிண்டர், இடக்கைச் சுடுநர். போட்டிக்கு டோரிக் (சிலிண்டரையும் திருத்தும்) கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். நன்றாக இருக்கும்போது ரெட் டாட் ஊசிமுனைபோலத் தெரியும். ஆனால் எங்கள் ஹைவெல்டு மேட்டுநிலத்தின் குளிர்காலக் காற்றில் கண் வறண்டால் லென்ஸ் சற்றே சுழன்றுவிடுகிறது, புள்ளிக்கு மறுபடி வால் முளைக்கிறது. இரண்டு முறை கண்சிமிட்டினால் சரியாகும். பன்றி அதுவரை காத்திருக்குமா என்பது வேறு. வயல்வேலைக்குக் கண்ணாடிதான், அண்ணா.

ஹாலோகிராபிக் எனக்கு மணல்தான். வேடனுக்குச் சிலிண்டர் பவர் உண்டா?

பொங்கோலா வேடன்

இல்லை. பார்த்தவர்கள் சொன்னதைச் சொன்னேன்.

கரும்புக்காரன், டோங்காட்

மாமா, படம் எடுத்தேன்: வட்டம். சுழற்றினேன்: வால் அசையவில்லை. அட்டைத் துளையில் புள்ளி அரிசிமணி அளவுக்குக் குறுகியது. கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டேன்.

கடையில் மூன்று 1-6 எடுத்து, வாசலுக்கு வந்து எதிர்ச்சுவர் செங்கல் வரிசை மேல் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே, வெறுங்கண்ணில் செங்கலின் செங்குத்து இடுக்குகள் தெளிவு, படுக்கை இடுக்குகள் மங்கல். ப்ரோக்ரெசிவைப் போட்டு நேராகப் பார்த்தபோது இரண்டும் ஒன்றாக வந்தன. ஜெர்மன் 4 குறியுள்ள ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், 30 மி.மீ. குழாய். பழைய ஸ்கோப்பின் வளையங்கள் ஓர் அங்குலம், ஆகவே புது வளையம் வேண்டும். தாழ்வானதா, உயரமானதா?

லென்ஸ் மாமா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

முன் லென்ஸ் சிறியது, குழாய்க்குத் தாழ்ந்த வளையமே போதும். ஆனால் புதுக் கண்ணாடி கைக்கு வரும்வரை வாங்காதீர்கள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி, கன்னத்தைக் கட்டையில் வைத்து, பிறகு திறந்து பாருங்கள். சட்டத்தின் மேல் விளிம்பு குறுக்கே வந்தால் நடுத்தர உயரம் எடுங்கள். போல்ட் கைப்பிடி கண்பக்க வளையத்தில் இடிக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்புறம், கண்ணாடியோடு ஸ்கோப் வழியே வானத்தைப் பார்த்து, குறியைக் கூர்மையாக்கும் கண்பக்க வளையத்தைத் திருப்புங்கள், ஒரு பார்வை பார்த்துக் கண்ணை எடுத்துவிடுங்கள். உற்று உற்றுப் பார்த்தால் கண் தானாகச் சரிசெய்துகொண்டு உங்களை ஏமாற்றும்.